எதிரியின் பார்வையும் நம் பார்வையின்மையும்

எதிரியின் பார்வையிலிருந்து யுத்தத்தைப் பார்ப்பது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. பார்ப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பார்த்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் என் சந்தேகம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: இதுவரை ஒரு பக்கத்தை நம்பியிருந்தவன் மறுபக்கத்தையும் கேட்டுவிட்டு, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அவரவர்க்கு அவரவர் நியாயம் என்று ஒரு விடையை எழுதிவிட்டுத் தூங்கப் போகிறான். பார்ப்பதற்கு இது பெருந்தன்மை மாதிரி இருக்கும். சிந்திக்கும் சிரமத்திலிருந்து எடுத்துக்கொண்ட விடுமுறை என்றே எனக்குப் படுகிறது.

இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பிரயாணக் கட்டுரை. இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்துச் சேலை நெய்யும் ஒரு குடும்பத்துப் பையன் இப்போது கொரியாவில், சியோல் நகரத்தில், மேற்படிப்புப் படிக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறி டோக்கியோ போய், ஞாயிறு இரவு திரும்பியிருக்கிறான். சனிக்கிழமை முழுவதையும் யாசுகுனி ஆலய வளாகத்தில் இருக்கும் யூஷுகான் என்ற யுத்த மியூசியத்தில் கழித்திருக்கிறான். அதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி, நம் பத்திரிகைக்கு ஆகுமா என்று எனக்கு அனுப்பினான்.

பையன் நன்றாக எழுதுகிறான். பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்கிறான், பார்க்காததைச் சொல்லவில்லை. வியாபாரப் பத்திரிகைகளின் பிரயாணக் கட்டுரைகளில் தவறாமல் வரும் ஹோட்டல் சாப்பாடும் பூத்த செர்ரி மரமும் இதில் இல்லை. அறைத்தோழனான கொரிய மாணவன் கூட வர மறுத்துவிட்டதையும், போய்விட்டு வந்து என்னிடம் எதுவும் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதையும் எழுதியிருக்கிறான். கட்டுரையின் ஆகச் சிறந்த இடம் அதுதான். ஆனால் முடிகிற இடத்தில், நான் மேலே சொன்ன விடை வந்துவிடுகிறது. ஜெயித்தவன் எழுதிய சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், தோற்றவன் எழுதியதை இங்கே படித்தேன், இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது என்று முடிக்கிறான். கூடவே ஒரு சீட்டு: 'இப்படி முடிச்சது சரிங்களா சார்?'

சரியில்லை என்பது என் அபிப்பிராயம். ஏன் சரியில்லை என்று சொல்ல ஒரு கடிதம் போதாது. விஷயம் அவனோடு நிற்பதும் அல்ல. நாவலில் பார்வைக் கோணம் பற்றி நாம் பேசும்போதும் இதே கூட்டல் வகுத்தலைத்தான் பலர் செய்துகொண்டிருக்கிறோம்.

யூஷுகானை ஒரு பிரதியாக வைத்துப் படிக்கலாம். யாசுகுனி ஆலயம் 1869இல் ஏற்பட்டது. சக்கரவர்த்திக்காகப் போரில் செத்தவர்களைத் தெய்வமாக வைத்திருக்கும் இடம். அங்கே சமாதி கிடையாது, எலும்பு கிடையாது, சாம்பல் கிடையாது. இருப்பதெல்லாம் பெயர்கள். 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் ஏட்டில் ஏறியிருக்கின்றன. தூக்கிலிடப்பட்ட பிரதம மந்திரி டோஜோ உள்பட, டோக்கியோ விசாரணையில் முதல் தர யுத்தக் குற்றவாளிகள் என்று வைக்கப்பட்ட 14 பேரின் பெயர்களும் 1978இல் அதில் சேர்க்கப்பட்டன. ஜப்பானுக்காகப் போரிட வைக்கப்பட்ட கொரியர்களின் பெயர்கள் 20 ஆயிரத்துக்கு மேல் அதில் இருக்கின்றன. எடுத்துவிடுங்கள் என்று சில குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயும் எடுக்கவில்லை. அந்தக் கொரியப் பையன் ஏன் வரவில்லை என்பது இப்போது விளங்கும்.

மியூசியம் 1882இல் திறந்தது. 1945 தோல்விக்குப் பின் மூடிக் கிடந்து, 1986இல் மறுபடி திறந்து, 2002இல் விஸ்தரிக்கப்பட்டது. இதன் கதைசொல்லி யார் என்று கேட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஜப்பான் செய்ததாகச் சொல்லப்படும் காரியங்களெல்லாம் ஜப்பானுக்கு நேர்ந்தவையாக எழுதப்பட்டிருக்கின்றன. 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது, வேறு வழியில்லாமல் யுத்தம் வந்தது. நான்கிங்கில் நடந்த படுகொலைக்குச் சாதாரண உடையில் ஒளிந்திருந்த சீனச் சிப்பாய்களைப் பற்றிய சில வரிகள் போதுமாகிவிடுகின்றன. கடைசியில் ஒரு வரைபடம்: யுத்தத்துக்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாகச் சுதந்திரமடைந்த ஆசிய நாடுகள். இந்தியாவும் அதில் உண்டு. பார்த்துக்கொண்டு வருகிறவன், தான் சுதந்திரமாக இருப்பதற்கு இந்த யுத்தமும் ஒரு காரணம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வினைக்கு எழுவாய் இல்லாத வாக்கியங்களால் கட்டிய கதை, கடைசி அத்தியாயத்தில் மட்டும் எழுவாயைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் நானும் நேர்மையில்லாதவன் ஆவேன். அதே மியூசியத்தில், செத்துப்போன சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதங்கள் இருக்கின்றன. சுவர் சுவராக அவர்களுடைய போட்டோக்கள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிகளில் மணக்கோலத்தில் பொம்மைகள் இருக்கின்றன. கல்யாணமாகாமல் செத்த மகனுக்கு மணப்பெண்ணாகக் குடும்பத்தார் கொண்டுவந்து வைத்தவை. வாழாமல் போனவர்களுக்குத் துணி வைத்துப் படைக்கிற நம் வீடுகளுக்கு இது அந்நியமான காரியம் இல்லை. பையன் இந்தப் பொம்மைகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறான். தன் அம்மாவை நினைத்துக்கொண்டதாக எழுதுகிறான். அந்த இரண்டு பக்கங்களில் போலி எதுவும் இல்லை.

இங்கேதான் ஒரு பாகுபாடு அவசியமாகிறது. அந்தச் சிப்பாயின் கடிதம் ஒரு பார்வை. அந்தத் தாயின் பொம்மை ஒரு பார்வை. அவற்றை இன்ன வரிசையில், இன்ன வரைபடத்துக்கு முன்னால், இன்னதைச் சொல்லாமல் விட்டு அடுக்கிவைத்திருப்பது பார்வை ஆகாது. அது வாதம். அனுபவத்தின் மேல் நமக்கு வரும் மரியாதையை வாதம் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. தாயின் துக்கத்தை ஒப்புக்கொண்ட கையோடு டோஜோவின் நியாயத்தையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. எதிரியின் பார்வையைச் சந்தித்தேன் என்று பையன் எழுதும்போது, இரண்டில் எதைச் சந்தித்தான் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி, அவன் கடந்துபோன ஒரு பொருளுக்கு வருகிறேன். மியூசியத்தின் முன்கூடத்தில், டிக்கெட் வாங்குவதற்கும் முன்னால், ஒரு ஜீரோ போர் விமானமும் ஒரு நீராவி ரயில் எஞ்சினும் நிற்கின்றன. பளபளவென்று கறுப்புப் பூசிய எஞ்சின். 'பழைய எஞ்சின் ஒன்றும் இருந்தது, அதன் பக்கத்தில் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்' என்று ஒரே வாக்கியம் எழுதிவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

அந்த எஞ்சினுக்கு ஒரு நம்பர் உண்டு: சி56 31. 1936இல் ஜப்பானில் செய்தது. யுத்தத்தின்போது இந்த ரகத்தில் 90 எஞ்சின்களைத் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சயாமில் தொடங்கி பர்மாவில் தான்பியூசயாத் வரை காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் அவை ஓடின. 1943 அக்டோபர் 25ஆம் தேதி கொங்கோயிட்டா என்ற இடத்தில் பாதையின் திறப்பு விழா நடந்தபோது ஓடியது இந்த எஞ்சின்தான். யுத்தம் முடிந்தபின் தாய்லாந்து ரயில்வேயில் உழைத்து, ஓய்வு பெற்று, 1979இல் ஜப்பானுக்குத் திரும்பியது. பாதை போட்ட ரயில்வே படைப்பிரிவில் இருந்தவர்கள் பணம் திரட்டி அதை மீட்டு வந்து ஆலயத்துக்குக் காணிக்கையாக்கினார்கள்.

அந்தப் பாதையைத்தான் நாம் மரண ரயில் பாதை என்கிறோம். சுமார் 60 ஆயிரம் வெள்ளைக்கார யுத்தக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள்; 12 ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். அவர்களில் செத்தவர்களின் தொகை கணிப்புக்குக் கணிப்பு வேறுபடுகிறது; 90 ஆயிரம் வரை சொல்கிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் அதில் உண்டு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பான்மை ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் போதாதபோது தோட்டங்களில் புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள், மரணத்தைக் குறித்துவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளுக்கு இரண்டுமே இல்லை.

இந்தத் தோட்டத் தமிழர்கள் எங்கிருந்து போனவர்கள்? தஞ்சாவூர், திருச்சி, வட ஆற்காடு ஜில்லாக்களைப் போலவே சேலம் ஜில்லாவும் மலாயாவுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த இடம். இந்தக் கட்டுரையை அனுப்பிய பையனின் குடும்பத்தில் யாரும் அப்படிப் போனதாகத் தெரியவில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை. ரத்த உறவு இருந்தால்தான் ஒரு எஞ்சினுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது இல்லை. ஆனால் எதிரியின் பார்வையைச் சந்திக்கக் கடல் கடந்து போகிறவன், அது தன்மேல் விழுந்த இடம் எது என்றாவது தெரிந்துகொண்டு போயிருக்கலாம். சரித்திரத்தில் தானும் ஒரு கட்சி என்ற பிரக்ஞையே அவனுக்கு இல்லை. கொரியனுக்கும் ஜப்பானியனுக்கும் நடுவில் மத்தியஸ்தம் செய்ய வந்தவன் மாதிரி எழுதுகிறான்.

யாசுகுனி வளாகத்தில் சிலைகள் உண்டு. யுத்தத்தில் செத்த குதிரைகளுக்கு ஒன்று, நாய்களுக்கு ஒன்று, செய்தி சுமந்த புறாக்களுக்கு ஒன்று. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. வாயில்லா ஜீவனை நினைத்துப் பார்ப்பது நல்ல காரியம். பாதையில் ஓடிய எஞ்சினுக்கு நம்பர் இருக்கிறது, குதிரைக்குச் சிலை இருக்கிறது, பாதையைப் போட்டுச் செத்த கூலிக்கு இரண்டும் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். பெயர்களையே தெய்வமாக வைத்திருக்கும் ஓர் இடத்தில் பெயரின்மை என்பது தற்செயலாக ஏற்படுவதில்லை.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஜப்பானியன் கெட்டவன், அவன் மியூசியம் பொய் என்று கையைக் கழுவிவிடலாம். நம் சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை.

அதே 1943 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னை மேல் பறந்து குண்டு போட்டது. 17ஆம் தேதி, இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் கொங்கோயிட்டாவில் ஒன்றுசேர்ந்தன. 21ஆம் தேதி, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். 25ஆம் தேதி ரயில் பாதைத் திறப்பு விழா. இந்த ஒரே மாதத்தில் நாலு தமிழர்களை நினைத்துப் பார்க்கலாம். குண்டுக்குப் பயந்து சென்னையிலிருந்து குடும்பத்தை ஊருக்கு அனுப்பியவன். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சம்பளத்துக்குச் சேர்ந்து பர்மா எல்லையில் காத்திருந்தவன். தோட்டத்தை விட்டுவிட்டு ஐ.என்.ஏ.யில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தவன். அதே தோட்டத்திலிருந்து பிடிபட்டுப் போய்க் காலராவில் செத்தவன். முதல் இருவருக்கும் ஜப்பானியன் எதிரி. மூன்றாமவனுக்குத் தோழன். நாலாமவனுக்கு எஜமானன். ஐ.என்.ஏ.வின் சிப்பாய்கள், ஜான்சி ராணிப் படையின் தமிழ்ப் பெண்கள் உள்பட, பர்மா முனைக்குப் போனதும் அதே தண்டவாளத்தின் மேல்தான்.

அந்தமானில் இன்னும் கொடுமை. 1943 டிசம்பர் கடைசியில் போஸ் போர்ட் பிளேருக்கு வந்து கொடியேற்றினார். ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30ஆம் தேதி, ஒற்றர்கள் என்று சொல்லி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். சுடப்பட்டவர்களில் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

ஆக, எதிரி என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போதே யாருக்கு எதிரி என்ற கேள்வி வந்து நிற்கிறது. யூஷுகான் இந்தக் குழப்பத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. மியூசியத்துக்குப் பக்கத்தில் 2005இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். அதில் இருப்பவர் நம்மவர்: ராதாபினோத் பால். டோக்கியோ விசாரணையில் உட்கார்ந்த நீதிபதிகளில், குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் நிரபராதிகள் என்று 1948இல் தனித் தீர்ப்பு எழுதியவர். ஜெயித்தவன் தோற்றவனை விசாரிப்பதில் என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. காலனி நாட்டிலிருந்து வந்த ஒருவர் கேட்டாக வேண்டிய கேள்விதான். ஆனால் அதே தீர்ப்பில், ஜப்பானியப் படைகள் குடிமக்களுக்கும் கைதிகளுக்கும் இழைத்த அட்டூழியங்களுக்கு அசைக்க முடியாத சாட்சியம் இருப்பதாகவும் அவர் எழுதினார். கல்லின் மேல் நிற்பது முதல் பாதி மட்டும். ஒரு பிரதியைத் தன் வசதிக்கு வெட்டி மேற்கோள் காட்டுவதை இலக்கிய விமர்சனத்தில் நாம் மன்னிப்பதில்லை. இதையும் மன்னிக்க வேண்டியதில்லை. பையன் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று பெருமைப்பட்டிருக்கிறான். ஒரு இந்தியன் என்று மட்டும் பார்த்தான். அந்த இந்தியன் முழுதாக என்ன சொன்னான் என்று பார்க்கவில்லை.

ஜெயித்தவர்களின் பிரதிகள் இந்தக் கூலியை எப்படி நடத்தியிருக்கின்றன என்றும் பார்த்துவிடலாம். டேவிட் லீன் 1957இல் எடுத்த க்வாய் நதிப் பாலம் படம் உலகம் முழுவதும் ஓடியது. பக்கத்திலேயே இலங்கையில் கிதுல்கலவில் எடுத்தது. பாலத்தைக் கட்டுகிறவன் வெள்ளைக்காரக் கைதி, கட்டச் சொல்கிறவன் ஜப்பானியன். இரண்டு அதிகாரிகளின் கௌரவப் பிரச்சினையாகப் படம் முடிந்துவிடுகிறது. கூலிக்கு அதில் கதை கிடையாது. காஞ்சனபுரியில் காமன்வெல்த் யுத்த சமாதிக் கமிஷன் பராமரிக்கும் மயானத்தில் கிட்டத்தட்ட 7 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வரிசை பிசகாத கற்கள், வெட்டிவிட்ட புல், பெரும்பாலான கல்லில் பெயர். அதிலும் கூலி இல்லை. எதிரிகள் இருவரும் எல்லாவற்றிலும் மாறுபட்டு, இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள். இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் உண்மை இருக்கிறது என்று பையன் சொல்கிறானே, இரண்டும் விட்டுவிட்டதை நடுவில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நான் பாங்கில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் என்ற தலைப்பில் போட்டுவைப்போம். பேரேடு பொருந்திவிடும். ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்தத் தலைப்பைத்தான். விமர்சகனின் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படிக் கேட்கும்போது முதலில் மாட்டிக்கொள்வது நாமேதான். இந்தச் சாவுகளைத் தமிழ்நாட்டுத் தமிழன் தன் அனுபவமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கடல் கடந்து போனவனை நாம் செய்யுளில் பெருமையாகப் பாடுவோம், ராஜேந்திர சோழனின் கப்பல் வரைக்கும் போவோம். மேல்தட்டில் கொடியோடு போனவனைப் பாடுகிறவர்களுக்கு, அடித்தட்டில் மூட்டையோடு போனவன் கண்ணில் படவில்லை. இந்தப் பழம்பெருமையைக் கிழித்துப் போட்ட ஒரே பெரிய நாவல் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. யுத்த காலத்தில் இந்தோனேசியாவில் இருந்தவர் எழுதியது. எழுதி வெகுநாள் கிடந்து 1972இல் வெளிவந்தது. மெடான் நகரத்துக்குள் ஜப்பானியர் நுழைவதில் தொடங்குகிறது. வட்டிக்கடைப் பையன்களும் ஐ.என்.ஏ. சிப்பாய்களும் டச்சுக்காரரும் சீனரும் அதில் வருகிறார்கள். யாருக்கும் சரித்திரம் நியாயம் வழங்குவதில்லை. பாண்டியன் ஜப்பானியனை வெறுப்பதும் இல்லை, வியப்பதும் இல்லை, பார்க்கிறான். எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் மனிதன் மனிதனுக்கு என்ன செய்கிறான் என்பதிலேயே அவன் கவனம் இருக்கிறது. சிங்காரத்தின் இன்னொரு நாவலான 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. போர் முடிந்து திரும்பும் செல்லையாவுக்கு முதலாளி பெண் கொடுக்க மறுப்பது, அவன் துப்பாக்கி பிடித்துவிட்டவன் என்பதால். அந்த முதலாளியையும் சிங்காரம் கேலி செய்வதில்லை. எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பது என்றால் இதுதான்: அவனுடைய நியாயத்தை அவனுடைய முழு பலத்தோடு எழுதிவிட்டு, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுவது.

ஆனால் சிங்காரத்தின் மனிதர்கள் பெரும்பாலும் கடைத்தெருவிலிருந்து வந்தவர்கள். ரயில் பாதைக்குப் போன தோட்டக்காரனை எழுத மலேசியாவில்தான் ஆள் இருந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது; தகப்பனைத் தேடிக்கொண்டு அந்தப் பாதைக்குப் போகும் மாயாவின் கதை. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் அதே களம். இவற்றில் உணர்ச்சி சில இடங்களில் அளவு மீறுகிறது, உருவத்தில் தளர்ச்சி உண்டு என்றெல்லாம் நான் குறை சொல்ல முடியும். சொல்லவும் வேண்டும். அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சம்பவங்களுக்கு வினை செய்தவனையும் வினைக்கு ஆளானவனையும் பெயர் சொல்லி எழுதியவர்கள் இவர்கள். யூஷுகானின் எழுவாய் இல்லாத வாக்கியத்துக்குத் தமிழில் பதில் இருக்கிறது என்றால் இந்தப் புத்தகங்களில்தான் இருக்கிறது. சியோல் வரைக்கும் போன பையன் இவற்றில் ஒன்றையும் படித்திருக்கவில்லை. அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இளம்பிள்ளையிலோ சேலத்திலோ இவை எந்தக் கடையில் கிடைக்கின்றன?

ஆஸ்திரேலிய நாவலாசிரியர் ரிச்சர்ட் ஃபிளனகன் இதே பாதையைப் பற்றி 2013இல் எழுதிய நாவலுக்கு மறு வருஷம் புக்கர் பரிசு கிடைத்தது. அவருடைய தகப்பனார் அந்தப் பாதையில் கைதியாக இருந்து பிழைத்து வந்தவர். ஜப்பானிய மேஜருக்கும் கொரியக் காவலாளிக்கும் யுத்தத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை, அவரவர் மனசுக்குள் புகுந்து அவர் எழுதுகிறார். மன்னிப்பதும் இல்லை, சபிப்பதும் இல்லை. தகப்பனை அடித்தவனின் மனசுக்குள் நுழைவது சாதாரணக் காரியம் அல்ல. அங்கே நுழைய அவருக்குத் தகுதி கொடுத்தது தன் தகப்பன் யார், எங்கே அடிபட்டான் என்று தெரிந்திருந்ததுதான். சொந்த இடத்தில் கால் ஊன்றாதவனுக்கு எதிரியின் இடமும் அகப்படாது.

இன்னொரு விஷயம், இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. காஞ்சனபுரியில், பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. பாதை போடும்போது செத்தவர்களுக்காக ஜப்பானிய ராணுவமே 1944இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே கட்டியது. பல மொழிகளில் வாசகம் பொறித்திருக்கிறார்கள். அதில் தமிழும் ஒன்று. பிடித்துக்கொண்டு போய்ச் சாகடித்தவன், செத்தவனுடைய மொழியில் அவனை நினைவுகூர்ந்து கல் நட்டிருக்கிறான். இதைப் பாசாங்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. பரிகாரம் என்று ஏற்கவும் முடியவில்லை. தமிழர்கள் தங்கள் செலவில், தங்கள் வழக்கப்படி, அதே ஊரில் ஒரு நடுகல் எழுப்பியது 2023இல். இடையில் 79 வருஷம். எதிரிக்குப் பார்வை இருந்தது, கோணலான பார்வை. நம்மிடம் அதுவும் இல்லை.

எனவே பையனுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எதிரியின் பார்வையைச் சந்திப்பது நல்லது. சந்தித்தபின் அது உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்டால் போதாது. அது சொல்லப்படுவதற்காக யார் பெயரில்லாமல் போக வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். அதே கேள்வியை நம் பார்வையைப் பற்றியும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு முன்னால் எல்லாப் பார்வைகளும் சமமாக நிற்பதில்லை. தாயின் பொம்மை நிற்கும். சிப்பாயின் கடிதம் நிற்கும். வரைபடம் நிற்காது. வெட்டி எடுத்த பாலின் தீர்ப்பும் நிற்காது. நம்முடைய கடாரப் பெருமையும் நிற்காது.

கட்டுரையைப் பிரசுரிக்கலாம் என்றே ஆசிரியருக்குச் சிபாரிசு செய்கிறேன். கொரியப் பையன் சொன்னது அப்படியே இருக்கட்டும். பொம்மைகளைப் பற்றிய இரண்டு பக்கத்தில் கை வைக்க வேண்டாம். கடைசி வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். எஞ்சினைப் பற்றிய ஒற்றை வாக்கியத்தின் எதிரே இன்னும் எழுது என்று பென்சிலால் குறித்து அவனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.